நெட் எங்கே தேய்கிறது?

கைப்பேசியில் படம் தங்குதடையின்றி ஓடும். அதே சோபாவில் திறந்து வைத்த லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறோம். இல்லையென்றால் நாலு ஆன்டெனா வைத்த புது ரவுட்டரை வாங்கி வருகிறோம். இரண்டுமே அவசரம். வாசல்வரை வரும் கம்பி, ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலுள்ள வெளி, லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு ஆகிய மூன்றில் எங்கே வேகம் தேய்கிறது என்று பார்க்காமல் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் வீண்தான்.

கம்பியைச் சோதிப்பது எளிது. ஒரு லேன் கேபிளால் லேப்டாப்பை நேரடியாக ரவுட்டரோடு இணைத்து வேகத்தைப் பாருங்கள். பணம் கட்டும் திட்டத்தின் வேகம் அதில் கிடைத்தால் நிறுவனத்தின் மேல் குற்றமில்லை. கேபிளிலும் கிடைக்காவிட்டால் தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

அடுத்தது நடுவிலுள்ள வெளி. திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், அவை தோராயமானவை. சிக்னலை டிபிஎம் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு ரவுட்டர் ஒன்று சுமார் 100 மில்லிவாட் திறனில் அலையைப் பரப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் மைனஸ் 70 டிபிஎம் என்று காட்டினால், புறப்பட்ட ஆற்றலில் நூறு கோடியில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்தும் பக்கங்களைத் திறக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். வீடியோ அழைப்பு தடுமாறாமல் இருக்க மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும் என்பது இத்துறையினரின் கணக்கு. மைனஸ் 80-ஐத் தொட்டால் இணைப்பு இருக்கும், வேலை நடக்காது. மேக் கணினியில் ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைச் சொடுக்கினால் இந்த எண் தெரியும். விண்டோஸ் தரும் சதவீதத்தில் 100 என்பது மைனஸ் 50-க்கும், 60 என்பது மைனஸ் 70-க்கும் சமம். ஆக, 60 சதவீதம் என்பது பாஸ் மார்க்கைத் தாண்டிய நல்ல நிலை அல்ல. மைனஸ் 50-இல் கிடைத்ததில் நூறில் ஒரு பங்கு.

வைஃபை இருவழிப் பேச்சு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். கோயில் திருவிழா ஒலிபெருக்கி வயற்காட்டில் நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும். அவர் பதிலுக்குக் கத்துவது கோயிலுக்குக் கேட்காது. ரவுட்டரின் திறனைக் கூட்டினால் நடப்பதும் இதுதான். லேப்டாப் அனுப்பும் பதில் ரவுட்டரை எட்டாதபோது, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. கோடுகள் முழுதாக நிற்க, வேகம் மட்டும் படுத்துவிடும்.

இதற்கு மருந்து ரவுட்டர் இருக்கும் இடத்தை மாற்றுவது. நம் வீடுகளில் ஃபைபர் கம்பி நுழையும் மூலையே ரவுட்டரின் இடமாகிவிடுகிறது. டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில், ஷோகேஸுக்குள் வைத்துவிடுகிறோம். உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். தண்ணீர் அலையை உறிஞ்சும். செங்கல் சுவரை ஓரளவு கடக்கும் அலை, கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் திணறும். கீழ்வீட்டு ரவுட்டர் மாடி அறைக்குப் போதாமல் போவது இதனால்தான். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதற்குச் சில அடி கேபிள் போதும்.

சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரே செய்தி பல வழிகளில், சற்றே முன்பின்னாக வந்து சேரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். ஓர் அலையின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். லேப்டாப்பை ஒரு சாண் நகர்த்தியதும் நெட் உயிர்பெறுவதில் மாயம் ஏதுமில்லை. இந்த எதிரொலிக் குழப்பத்தைத் தீர்ப்பதில் பெரும் பங்கு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவுக்கு உண்டு. வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலைகளைத் தேடியவர் ஜான் ஓ'சல்லிவன். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் சிதறிய அலைகளை ஒழுங்குபடுத்த அவர் கையாண்ட கணிதம், பின்னாளில் அந்த நிறுவனத்தில் அவரது குழு அறைக்குள் கம்பியில்லாமல் தரவு அனுப்பும் வழி தேடியபோது கைகொடுத்தது. 1996-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பயனில்லை என்று தோன்றும் அடிப்படை ஆய்வுக்கு அரசு ஏன் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதை இது.

சிக்னல் நல்ல எண்ணைக் காட்டியும் வேகம் இல்லையென்றால் இரைச்சலைத் தேட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது; அதிலிருந்து கசியும் துளியே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் குலைக்கப் போதும். அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு காரணம் லேப்டாப்பிலேயே செருகியிருக்கலாம். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது இதே அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. டிஸ்க்கைக் கழற்றியதும் வேகம் கூடினால் காரணம் கையில் இருக்கிறது. கேபிளை நீட்டி டிஸ்க்கைத் தள்ளி வைக்கலாம், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு ரவுட்டர்களும் சேர்ந்துகொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாமல் அருகருகே இயங்கும் சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். கடைசி அறையில் மெல்லிய சிக்னலில் தவிக்கும் ஒரு பழைய கருவி, தன் செய்தியை மெதுவாகச் சொல்லி முடிக்கும்வரை ரவுட்டருக்கு அருகில் இருப்பவையும் நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் நிறைய, நெரிசல் குறைவு. ஆனால் சுவர்களைக் கடப்பதில் அது பின்தங்கும். ரவுட்டர் உள்ள அறையிலும் அடுத்த அறையிலும் 5, அதற்கப்பால் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசி ஓடி லேப்டாப் மட்டும் திணறினால் கடைசியாகக் கார்டைப் பாருங்கள். விலை குறைந்த பழைய லேப்டாப்கள் பலவற்றில் 2.4 மட்டுமே பிடிக்கும், ஒரே ஆன்டெனா கொண்ட கார்டு இருக்கும். வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலில் அதன் உச்ச வேகம் ஏட்டளவில் 72 மெகாபிட். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நன்று. வீட்டுக்கு 300 மெகாபிட் திட்டம் எடுத்தாலும் அந்த லேப்டாப்புக்குப் பயனில்லை. யுஎஸ்பியில் செருகும் இரட்டை அலைவரிசை அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும். புது லேப்டாப் தேவையில்லை. பேட்டரியில் ஓடும்போது மட்டும் வேகம் குறைந்தால் பவர் சேவிங் அமைப்பை மாற்றுங்கள். டிரைவரைப் புதுப்பிப்பதும் சில நேரம் பலன் தரும்.

ரிப்பீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதை அதே சேனலில் மறுபடி சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். சிக்னல் செத்த அறையிலேயே அதை மாட்டினால் செத்த சிக்னலைத்தான் அது பரப்பும். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில் மாட்ட வேண்டும். என் பரிந்துரை, மாடிக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயின்டாக வைப்பது. புது வீடு கட்டுகிறவர்கள் மின்கம்பிக்குக் குழாய் பதிக்கும்போதே லேன் கேபிளுக்கும் தனியாக ஒரு குழாயை அறைக்கு அறை பதிக்கச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைப்பதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.