கனிஞ்ச வாழைப்பழத்துக்கும் கணக்கு இருக்கு!

கடலூர் உழவர் சந்தையில் வாங்கின சீப்பா இருந்தாலும், சிதம்பரம் நடராஜர் கோயில் அர்ச்சனைப் பழமா இருந்தாலும், கடைசி 4 பழம் கருத்துப்போய்க் கிடக்கும். பழம் 5 ரூபாய்னு வெச்சுக்கங்க. வாரம் 4 பழம் குப்பைக்குப் போனா 20 ரூபாய். வருஷத்துக்கு 1,040 ரூபாய்!

தோல் கருத்தா பழம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையா மாறுது. அதனால இனிப்பும் குறைவாவே போடலாம்.

2 பழத்தை மசிச்சு, ஒரு கப் கோதுமை மாவு, 2 ஸ்பூன் அரிசி மாவு, கொஞ்சம் வெல்லம், ஏலக்காய் சேர்த்து, தண்ணி விட்டு இட்லி மாவு பதத்துக்குக் கரைச்சு பணியாரக் கல்லில் ஊத்துங்க. நேரமில்லையா? தோலை உரிச்சு, துண்டு போட்டு ஃப்ரீசரில் வைங்க. அப்புறம் மில்க்‌ஷேக் அடிக்கலாம்.

இப்போ முக்கியமான விஷயம். 20 ரூபாய் பழத்தைக் காப்பாத்த 200 ரூபாய்க்கு நெய், தேன், பேரீச்சை வாங்கி பஞ்சாமிர்தம் செஞ்சா, அது சேமிப்பு இல்லை; புதுச் செலவு. பழத்துக்குக் கொடுத்த காசு ஏற்கனவே போயாச்சு. இனிமே கையிலிருந்து எவ்வளவு போகுதுன்னு மட்டும் பாருங்க. வீட்டில் இருக்கிற பொருளில் செஞ்சு, அன்னைக்கு டீக்கடை பஜ்ஜி செலவு நின்னாதான் லாபம்.

பூஞ்சை பிடிச்சிருந்தா, புளிச்ச வாடை வந்தா, யோசிக்காம உரக்குழியில் போடுங்க. வாராவாரம் பழம் மிஞ்சினா, அடுத்த தடவை அரைச் சீப்பு வாங்குங்க. அதுதான் செலவே இல்லாத ரெசிபி!