ஒரு சாயங்காலத்துக்கான பணமும் பத்து வருடத்துக்கான பணமும்

டிசம்பர் சீசனில் சென்னை சபா மேடைகளின் பின்னால் தொங்கும் பேனரைப் பார்த்தால் போதும், இசைக்குக் காசு கொடுப்பவர் யார் என்று தெரிந்துவிடும். சில நேரம் பாடகர் பெயரைவிட வங்கியின் பெயர் பெரிதாக இருக்கும். அந்தப் பணத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது ஒரு சாயங்காலத்துக்கான பணம். ஒரு வித்வான் உருவாகப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும். அத்தனை வருடமும் சீடனுக்குச் சோறும் குருவுக்குச் சம்பளமும் கொடுப்பவரே புரவலர். இதைச் செய்து காட்டியது, ஹோட்டல் தொழிலில் இறங்கிய ஒரு சிகரெட் கம்பெனி.

1969-ல் அந்தக் கம்பெனியான ஐ.டி.சி.யின் முதல் இந்தியத் தலைவரானவர் அஜித் நாராயண் ஹக்சர். 1975-ல் கம்பெனியை ஹோட்டல் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் அவர். முதல் ஹோட்டல் சென்னையின் சோழா ஷெரட்டன். அதற்கு முன்பே, 1971-ல், ஐ.டி.சி. சங்கீத் சம்மேளனம் என்ற கச்சேரி விழா தொடங்கியிருந்தது. அதோடு நின்றிருந்தால் இன்று எழுத எதுவும் இருக்காது. எழுபதுகளின் பிற்பகுதியில் கொல்கத்தா டாலிகஞ்சில் ஐ.டி.சி.யின் சங்கீத் ரிசர்ச் அகாடமி உருவானது. பாடகர் விஜய் கிச்லு அதன் முதல் இயக்குநர். நிசார் ஹுசேன் கான், கிரிஜா தேவி போன்றவர்கள் குருக்கள். குருவும் சீடனும் ஒரே வளாகத்தில், சீடனுக்கு உதவித்தொகை. விருந்தினரைத் தங்கவைத்துப் பிழைக்கும் தொழிலுக்கு இது பொருத்தமான வேலைதான். 1980-ல் நிசார் ஹுசேன் கானோடு அங்கே வந்த பதாயூன் சிறுவன்தான் பின்னாளில் நாடறிந்த பாடகர் ரஷீத் கான். ஹக்சர் 1983-ல் தலைமைப் பதவியை விட்டார். அகாடமி இன்றும் நடக்கிறது.

புகையிலைக் கறையைக் கழுவ ராகமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்தக் கச்சேரியும் புற்றுநோய்க்கு ஈடாகாது. ஆனால் வெறும் விளம்பரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இந்தியக் கிரிக்கெட் சட்டையில் இருந்த ஐ.டி.சி.யின் வில்ஸ் சிகரெட் பெயர் 2001-ல் போய்விட்டது. 2003-ல் புகையிலை விளம்பரத்துக்கே சட்டம் தடை போட்டது. அகாடமி அதற்குப் பிறகும் நீடிக்கிறதென்றால், பேனரை நம்பி அது நிற்கவில்லை என்று அர்த்தம்.

குடிநீரும் பள்ளிக்கூடமும் இருக்கப் பாட்டுக்கா பணம் என்பது அடுத்த கேள்வி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. குடிநீர், கல்வியோடு மரபுக் கலைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆகவே ஒன்றை நிறுத்தித்தான் இன்னொன்று என்ற கட்டாயமில்லை. ஆலைகள் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாகசுரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு. சிக்கல் நான்காவது ஆண்டில்தான். சான்றிதழோடு வெளியே வரும் பையன் மறுநாளே நைட் ஷிஃப்டுக்குப் போக வேண்டியிருந்தால், தவிலில் சாதகம் எப்போது செய்வான்? விரல் கூடு கட்டிக்கொண்டு தினமும் மணிக்கணக்கில் வாசிக்காமல் அந்தக் கை வராது. ஓசூர், சூளகிரி, குந்தாரப்பள்ளிப் பக்கம் ஆலை நடத்தும் நிறுவனங்கள், இசைப்பள்ளி முடித்த ஐந்து பேருக்கு மாதச் சம்பளமும், அவர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் மூத்த வித்வானுக்குக் குடியிருக்க வீடும் கொடுத்து, அதை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கட்டும்.