உப்பளத்து வெயிலும் உருளை வில்லையும்

கற்பிட்டிக் குடாநாட்டுக் காற்றாலைகளைக் கொண்டு கண்ணையும் சோதிக்கலாம். காற்று தணிந்திருக்கும் ஒரு நாளில் மாம்புரிப் பக்கம் வீதியோரம் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, மெல்லச் சுழலும் இறக்கைகளைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கையில் கூர்மையாகத் தெரியும் இறக்கை, கிடையாக வரும்போது மங்கிப் பருத்துத் தெரிகிறதா? சிலருக்கு இது மறுதலையாக இருக்கும். சிலருக்குச் சாய்வான ஏதோவொரு கோணத்தில் மட்டும் தெளியும். எல்லாக் கோணத்திலும் ஒரே மாதிரி மங்கினால் வெறும் குறும்பார்வையாக இருக்கலாம். கோணத்துக்குக் கோணம் மாறினால் அஸ்டிக்மாட்டிசம், அதாவது சிதறல் பார்வை என்று சந்தேகிக்க இடமுண்டு. கண் பரிசோதனை அறையில் காட்டும் விசிறிக் கோடுகளின் வேலையும் இதுவே.

கண்ணின் மொத்த வலு சுமார் 60 டயொப்டர். அதில் ஏறத்தாழ 43, கருவிழியின் முன்னால் இருக்கும் தெளிந்த விழிவெண்படலத்துக்கு உரியது. அந்தப் படலம் எத்திசையிலும் ஒரே வளைவாக இருந்தால், புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் புள்ளியாகவே விழும். மேல்கீழாக ஒரு வளைவும் பக்கவாட்டில் வேறொரு வளைவும் இருந்தால் ஒளி ஓரிடத்தில் கூடாது. முன்னும் பின்னுமாக இரண்டு கோடுகளாகக் கூடும். இரவில் தூரத்துப் படகின் விளக்கு வால் முளைத்ததுபோல் இழுபட்டுத் தெரிவது அதனால்தான்.

இந்தக் குறையை முதலில் விவரித்தவர் தோமஸ் யங். 1801இல் வெளியான தம் கட்டுரையில் சொந்தக் கண்ணையே ஆராய்ந்து எழுதினார். கண்ணை நீரில் அமிழ்த்தி விழிவெண்படலத்தின் வலுவை இல்லாமற் செய்த பின்பும் குறை நீங்கவில்லை. ஆகவே தமக்குக் கோளாறு உள்வில்லையில் என்று முடிவுகட்டினார். அந்த ஆண்டில் பிறந்த ஜோர்ஜ் எயரிதான் தீர்வு கண்டார். தம் இடக்கண்ணுக்கு ஒளிப்புள்ளி கோடாகத் தெரிவதை அளந்து, கணக்கிட்டு, 1825இல் இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடிக்காரர் ஒருவரைக் கொண்டு உருளை வில்லை செய்வித்தார். பின்னாளில் கிரீனிச் வானாய்வகத்தின் தலைமைப் பதவிக்கு வந்தவருக்கு, விண்மீன் கோடாகத் தெரிந்தால் எப்படிப் பொறுக்கும்?

உருளை வில்லைக்கு ஒரு திசையில் வலு உண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் இல்லை. எந்த வளைவு பிழையோ அதை மட்டும் அது சரிசெய்யும். கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’ என்ற எண் எவ்வளவு என்பதையும், ‘எக்சிஸ்’ என்ற எண் எந்தக் கோணத்தில் என்பதையும் சொல்கின்றன. கோணத்தை அலட்சியம் செய்பவர்கள்தான் அதிகம். வில்லை 10 பாகை திரும்பினால் திருத்தத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். 30 பாகை திரும்பினால் கண்ணாடி போட்டும் போடாத அளவு பிழை மிஞ்சும். வள்ளத்தில் மிதிபட்டுச் சட்டம் கோணிய கண்ணாடியை நிமிர்த்தாமல் அணிவது அதனால் வீண். சந்தையில் ஆயத்தமாக விற்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடியில் சிலிண்டரே கிடையாது. வலை பொத்துபவருக்கு அது நூலைப் பெரிதாக்கிக் காட்டும், சிதறலைத் தீர்க்காது.

பலருக்கு இக்குறை பிறவியிலோ வளர்ச்சியிலோ வருவது. ஆனால் இந்தக் கரையில் வேறொரு வழியிலும் வருகிறது. ‘கண்ணில சதை வளருது’ என்று சொல்வார்களே, அதுதான்: மூக்குப் பக்கத்து வெண்விழியிலிருந்து முக்கோணமாகக் கருவிழிமேல் ஏறும் சதை. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் 37 பாகைக்குள் இது மிகுதி. புத்தளம் 8 பாகையில் கிடக்கிறது. பாலாவி உப்பளத்திலும் உடப்பின் கரைவலைப் பாட்டிலும் நாள் முழுக்க நிற்பவருக்குத் தலைக்கு மேலிருந்து வரும் புறஊதாக் கதிர் போதாதென்று, உலர்ந்த மணல் 15 வீதத்தையும் கடல் நுரை 25 வீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. சோளகம் கிளம்பினால் தூசியும் உப்பும் சேரும்.

சதை ஏன் மூக்குப் பக்கமே வளர்கிறது? அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் மினாஸ் கொரோனியோ தரும் விளக்கம் எனக்குப் பிடித்தமானது. காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியை விழிவெண்படலமே வில்லையாக நின்று மூக்குப் பக்க விளிம்பில் குவிக்கிறதாம். அப்படியானால் முன்பக்கம் மட்டும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியால் பாதிப் பயன்தான். பக்கவாட்டையும் மூடுவதாக இருக்கவேண்டும், அகன்ற தொப்பியும் வேண்டும்.

ஏறிய சதை பக்கவாட்டு வளைவைத் தட்டையாக்கும். சிலிண்டர் எண் கூடும். தொடக்கத்தில் கண்ணாடி சமாளிக்கும். சதை நடுப்பகுதியை நெருங்கும்போது மேற்பரப்பு ஒழுங்கின்றிக் கோணும். அதற்கு எந்த உருளை வில்லையும் ஈடுகொடாது. அப்போது சத்திரசிகிச்சைதான். வெட்டிய இடத்தை வெறுமனே விட்டால் சதை மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதே கண்ணின் மேற்புறத்து மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுவார்கள். சதை நீங்கியதும் வளைவு மாறி, சிலிண்டர் எண்ணும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆறி முடியச் சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகு கண்ணைச் சோதித்துப் புதுச் சீட்டு வாங்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனால் போதும்.