மேய்ச்சல் வெளியிற் கால்நடைச் செலவு

கால்நடை என்னுஞ் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஊர்தியின்றிக் காலால் நடத்தலும் கால்நடை. புல் மேயும் ஆவும் ஆடுங் கால்நடை. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் வழியொன்று நம் நாட்டு மலையுச்சியில் உண்டு. அம்பேவெலவிற் புகைவண்டியை விட்டிறங்கி, பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளியை அடைந்து, உலக முடிவு எனப்படும் பாறை விளிம்பு வரை செல்லும் வழியே அது. பாடசாலைச் சுற்றுலாக்கள் பலவற்றில் இச்சமவெளி இடம்பெறுவதுண்டு. ஆயினும் சென்று மீள்வோரிற் பலர் விளிம்பில் நின்று படம் பிடித்த கதையையன்றி வேறொன்றும் உரைப்பதில்லை. வழிநெடுகக் கிடந்த புல்வெளியை வெறும் வெளியென்றே அவர் கருதினர் போலும். அவ்வெளி எவ்வாறு உண்டாயிற்று, எதனால் நிலைபெறுகின்றது என்பனவற்றை ஒருவாறு விளக்குதலே ஈண்டு எம் கருத்து.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்து கொள்ளல் வேண்டும். அம்பேவெலவிற் கண்ணைக் கவரும் பசும்புல் தானாக முளைத்ததன்று. பாற்பண்ணைக்கென நிலத்தைப் பண்படுத்தி, எருவிட்டு, பிறநாட்டுப் புல்லினங்களைக் கொணர்ந்து வளர்த்தது. வேலியடைத்த பகுதிகளில் ஐரோப்பிய இனப் பசுக்கள் அங்கு மேய்கின்றன. அடுத்துள்ள பட்டிப்பொலவின் பெயரிலும் மாடு மறைந்து நிற்கின்றது. மாட்டுப்பட்டி என நாம் வழங்குஞ் சொல்லைச் சிங்கள மக்களும் அப்பொருளிலேயே வழங்குவர். 1,891 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூர்ப் புகைவண்டி நிலையமே இலங்கையில் மிக உயர்ந்தது. அங்கிருந்து வீதி காட்டினூடே ஏறுகின்றது. 2,100 மீற்றர் அளவிற் காடு விலக, வானம் விரிந்து, நரைத்த பொன்னிறப் புல் தோன்றும். இப்புல்லை விதைத்தவர் எவருமிலர்.

சமவெளி என்ற பெயர் கேட்டுத் தட்டையான நிலமென எண்ணற்க. அலையலையாய் எழுந்துந் தாழ்ந்துங் கிடக்கும் மேட்டுநிலம் அது. 1834ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையதிகாரிகள் இருவர் இதனைக் ‘கண்டுபிடித்து’, அந்நாளைய தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை இட்டனர். அயலூர் மக்களோ இதனை மகாஎலிய என வழங்கினர். எலிய என்பது வெளியையும் ஒளியையுங் குறிக்குஞ் சிங்களச் சொல். மரமின்மையைக் கண்டு இட்ட பெயராதலின், தேசாதிபதியின் பெயரினும் இது பொருத்தமுடையது என்பேம்.

மரமின்மைக்குக் காரணம் யாது? மழை குறைவன்று, ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்குக் குறையாது பெய்கின்றது. அடுத்த மேட்டிலேயே பாசி போர்த்த அடர்காடு நிற்கின்றது. நடந்து செல்வோர் சற்று நின்று நோக்குவாராயின், காடு பெரும்பாலும் மேட்டிலும், புல் பெரும்பாலும் பள்ளத்திலும் இருத்தலைக் காண்பர். தெளிந்த இரவுகளிற் குளிர்ந்த காற்று கனத்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்நுனி உறைபனியால் வெளுக்கும். மரக்கன்று கருகிவிடும், புல்லோ வேரில் உயிரை வைத்துக்கொண்டு மறுபடி தளிர்க்கும். பள்ளத்து மண் நீரூறிக் கரிய சேறாய்க் கிடத்தலும் மரத்துக்குப் பகையாம். இவற்றோடு தீயுஞ் சேர்கின்றது. தீ பரவியபின் முதலில் எழுவது புல்லே. புல்லினிடையே தனித்து நிற்கும் செம்பூ மரமொன்றைக் காணலாம். ரொடோடென்ட்ரன் எனப்படும் அம்மரம் தடித்த பட்டையுடைமையால் தீயைத் தாங்குகின்றது.

இவ்வகை மலைப்புல்வெளியைப் பத்தனை என்பர். பத்தனை இயற்கையின் ஆக்கமோ, மனிதன் இட்ட தீயின் ஆக்கமோ என்ற வழக்கு அறிஞரிடையே நெடுங்காலமாக உண்டு. சமவெளிச் சேற்றிற் படிந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோர், 17,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு எரித்தலும் மேய்த்தலும் நிகழ்ந்தமைக்கு அடையாளம் உண்டென்பர். பனியும் ஈரமுந் தொடங்கியதைத் தீயும் வாயும் தொடர்ந்தன என்று கொள்ளுதல் எமக்கு ஏற்புடையது.

தமிழ் நூலார் மலையைக் குறிஞ்சியென்றும், ஆநிரை மேயும் காட்டுநிலத்தை முல்லையென்றும் வகுத்தனர். ஈண்டோ குறிஞ்சியின் தலைமேல் முல்லை அமர்ந்திருக்கின்றது. திணைமயக்கம் இலக்கணத்தில் இதனினும் விரிந்த பொருளுடையதெனினும், மாணவர்க்கு அதனைக் கண்முன் காட்ட இதனிற் சிறந்த இடம் வேறில்லை. குறிஞ்சிச் செடியின் உறவினங்களும் அங்கு உள. சிங்களத்தில் நெலு என்பர். நீலகிரிக் குறிஞ்சி திறந்த புற்சரிவிற் பூப்பது; ஈழத்து நெலு பெரும்பாலும் காட்டு நிழலில் வளர்வது. பன்னீராண்டளவிற்கு ஒருமுறை பூக்கும் இவை 2013இற் பெருந்திரளாய்ப் பூத்தன.

இனி, வாய்களின் கதை. யானைகள் ஒருகாலத்தில் இங்கு மேய்ந்தன. 1848இல் நுவரெலியாவிற் குடியேறி, ஆங்கில நாட்டு மாடுகளைக் கப்பலில் வரவழைத்துப் பண்ணை அமைக்க முயன்ற சாமுவேல் பேக்கர், இச்சமவெளியில் வேட்டையாடினார். அவர்போல்வார் பலர். இன்று அங்கே யானை இல்லை. மரைகளே எஞ்சிய பெருமேய்ச்சல் விலங்கு. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர் கூறிய அறிவுரையின்வழி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழித்தல் தடுக்கப்படவே, காப்பியுந் தேயிலையும் இவ்வுயரம் ஏறவில்லை. 1960களில் உருளைக்கிழங்கு ஏறிற்று! புல்வெளியின் ஒரு பகுதியைக் கிளறி விதைக்கிழங்கு பயிரிட்டுப் பின்னர் கைவிட்டனர். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் இந்நிலம் காப்புப் பெற்றது. எனினும் மஞ்சட் பூவுடைய கோர்ஸ் என்னும் ஐரோப்பிய முட்புதர் பத்தனையிற் பரவிப் புல்லை விழுங்குகின்றது. அழகிய பூவென்று அதனைப் பறித்துக் கொண்டு செல்லுதல் விதையைப் பரப்புதலாகும். ‘வெறும் வெளி’ என்னும் எண்ணமே கிழங்கையும் வருவித்தது, குப்பையையும் வருவிக்கின்றது. வருவோர் எறிந்த பொலித்தீனை உண்டு மரைகள் மாண்டதுண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆற்று வடிநிலங்களுக்கும் இங்கிருந்தே நீர் இறங்குகின்றது. பள்ளத்துச் சேறே அந்நீரைத் தேக்கி மெல்ல விடுவது.

நடை கடினமன்று. பழைய விடுதியாகிய ஃபார் இன் அருகே தொடங்கிச் சுற்றி வரும் வழி ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மூன்று மணி நேரம் போதும். சிறிய உலக முடிவை முதலிற் கண்டு, ஏறத்தாழ 880 மீற்றர் ஆழமுள்ள உலக முடிவை அடைந்து, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியே மீளலாம். முற்பகல் பத்து மணியளவிற் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி விளிம்பை மறைத்துவிடுமாதலின் விடியலிலேயே புறப்படுக. யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகிய மாணவர்க்குக் கம்பளிச் சட்டையும், வழுக்காத சப்பாத்தும் இன்றியமையாதன. பாதையை விட்டுப் புல்லில் இறங்கலாகாது. தை மாதத்துத் தெளிந்த விடியலிற் செல்வோர், முதற் பள்ளத்தைக் கடக்கும்போது குனிந்து புல்நுனியைப் பார்க்க. அங்கே வெண்பனி இருக்கும். சில அடி மேலேறிக் காட்டின் ஓரத்தை அடைந்ததும் இராது.