யாரும் வந்து சேராத குறிப்புகள்

குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நிக்லாஸ் லூமன் குலதெய்வம் மாதிரி. ஜெர்மனியின் பீலஃபெல்டு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 1998-இல் அவர் இறந்தபோது மரப்பெட்டிகளில் சுமார் 90,000 துண்டுச்சீட்டுகள் இருந்தன. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு சீட்டில் எழுதும்போதே, தொடர்புள்ள இன்னொன்றின் எண்ணையும் அதில் குறித்து வைப்பார். எதனோடும் இணையாத சீட்டைப் பெட்டியே மறந்துவிடும் என்ற பொருளில் 1981-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். சீட்டு தொலைவதில்லை, இழுப்பறையில்தான் கிடக்கும். அதைத் தேடிப் போக வழிதான் இருக்காது.

என் பெட்டி மடிக்கணினிக்குள் இருக்கிறது. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, பற்றிப் பல வருஷமாகச் சேர்த்தவை: மடை, கலிங்கு, குமிழித்தூம்பு, குடிமராமத்து, ஊர்ப் பெரியவர்கள் சொன்னவை. எல்லாம் ஆப்சிடியன் செயலியில் உள்ளன. இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இன்னொரு குறிப்பின் தலைப்பை எழுதினால் போதும், இணைப்பு விழுந்துவிடும். புள்ளியும் கோடுமாக ஒரு வரைபடமும் அதில் உண்டு. கோடே இல்லாத புள்ளிகள் ஓரமாக மிதக்கும். அவற்றுக்கு ஆர்ஃபன்ஸ் என்று பெயர். பார்க்க அழகுதான், நண்பர்களிடம் காட்டலாம். வேலைக்கு அவ்வளவாக உதவாது.

காரணம், வரைபடம் எந்தக் கோடும் இல்லாததை மட்டுமே தனி என்கிறது. ஒரு குறிப்பிலிருந்து வெளியே போகும் இணைப்பு ஒன்று இருந்தாலே அதைத் தனியானவற்றின் கணக்கில் சேர்க்காது. அந்தக் குறிப்புக்கு வேறு எங்கிருந்தும் யாரும் வருவதில்லை என்பது அதற்குத் தெரியாது. விக்கிப்பீடியாவில் உள்வரும் இணைப்பு இல்லாத கட்டுரையைத்தான் தனித்துவிட்டது என்று கருதுகிறார்கள். அதுவே சரியான அளவுகோல். ஆப்சிடியனிலும் டேட்டாவியூ என்ற கூடுதல் நிரலைச் சேர்த்து, உள்வரும் இணைப்பு பூஜ்யமாக உள்ளவற்றைப் பட்டியலிடச் சொல்லலாம். வரும் பட்டியலில் பாதி குப்பையாக இருக்கும். மோட்டார் பெல்ட் அளவைக் குறித்து வைத்த தாளுக்கு உறவு எதற்கு? அது தனியாகவே கிடக்கட்டும்.

அடுத்தது, பெயரைச் சொல்லியிருந்தும் இணைக்காமல் விட்ட இடங்கள். ‘அன்லிங்க்ட் மென்ஷன்ஸ்’ என்ற பகுதி இவற்றைக் காட்டும். ஒரு குறிப்பின் தலைப்பு வேறெங்காவது வெறும் எழுத்தாக வந்திருந்தால் எடுத்துக் கொடுக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். நமக்கு இங்கேதான் சிக்கல். கண்மாய் நிரம்பி மிஞ்சிய நீர் வழியும் கலிங்குக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. நானோ எழுதும்போது ‘கலிங்கில் நீர் விழுந்தது’, ‘கலிங்கை உடைத்தார்கள்’ என்றுதான் எழுதுகிறேன். வேற்றுமை உருபு ஏறியதும் கடைசி எழுத்து மாறிவிடுகிறது, செயலிக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. ஏலியஸ் என்ற மாற்றுப்பெயர்ப் பட்டியலில் கலிங்கில், கலிங்கை என்றெல்லாம் சேர்த்து வைத்தால் அவற்றையும் பிடிக்கும். சாதாரணத் தேடலில் ‘கலிங்க’ வரை மட்டும் கொடுத்தும் பார்க்கலாம். கலிங்கத்துப்பரணியும் கூடவே வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு செய்தாலும் பிடிபடாத வகை ஒன்று உண்டு: பொதுவான கலைச்சொல் ஒன்றுகூட இல்லாத இரண்டு குறிப்புகள். இதற்கு நான் நம்புவது ‘ரேண்டம் நோட்’ பொத்தானைத்தான். அழுத்தினால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு குறிப்பைத் திறக்கும். அப்படி ஒருநாள் வந்தது உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றியது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடத்தில் பெயர் ஓலைகளைப் போட்டு எடுக்கும் குடவோலையில், ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஏரி வாரியத்துக்கு ஆள் எடுத்த விதி. வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம் வைத்திருப்பது குடவோலைக்கான தகுதிகளில் ஒன்று. படித்ததும் சிவகங்கைப் பக்கத்து நீர்க்கட்டி ஒருவரிடம் பேசி எழுதிய குறிப்பு ஞாபகம் வந்தது. வயலுக்கு வயல் முறை வைத்து நீர் பாய்ச்சுகிறவர், கூலி அறுவடையில் நெல்லாக. ஆயக்கட்டில் தனக்கென்று நிலம் கிடையாது, அதனால்தான் பங்கீட்டில் தன்னை ஊர் நம்புகிறது என்று சொல்லியிருந்தார்.

ஒன்றில் ஏரி, வாரியம். மற்றதில் கண்மாய், நீர்க்கட்டி. எந்தத் தேடலும் இரண்டையும் சேர்த்திருக்காது. அங்கே நிலம் இருப்பதே தகுதி, இங்கே இல்லாததே தகுதி.

இணைப்பை மட்டும் போட்டு விட்டுவிடுவதில்லை. ஏன் இணைத்தேன் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவேன். வார்ப்புருவில் வைத்து எல்லாக் குறிப்புக்கும் ‘கண்மாய்’ என்று இயந்திரத்தனமாக இணைப்புக் கொடுத்தால் தனிக் குறிப்பே இல்லை என்று கணக்குக் காட்டலாம். ஒரு பயனும் இருக்காது. உத்திரமேரூர்க் குறிப்புக்கும் நீர்க்கட்டியின் குறிப்புக்கும் நடுவே இப்போது எழுதியிருப்பது: ‘மேற்பார்வைக்கு நிலக்காரர், பங்கீட்டுக்கு நிலமில்லாதவர். வாரியத்தின் காலத்தில் மடையைத் திறந்தது யார்? விசாரிக்க.’