வேலைவாய்ப்புப் பதிவும் உதவித்தொகையும்: புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்?

சென்ற மாதம் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கணவர் மௌத்தாகி ஓராண்டு ஆகிறது. பிளஸ் டூ தேறியதும் பதிவு செய்த வேலைவாய்ப்பு அட்டையை பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். அட்டையைப் பார்த்தோம். ஒரு முறைகூடப் புதுப்பிக்கவில்லை. நிக்காஹ் முடிந்து வேறு ஊர் போனவருக்கு யாரும் நினைவூட்டவும் இல்லை. பதிவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. அன்றே புதிதாகப் பதிவு செய்து கொடுத்தோம். ஆனால் உதவித்தொகைக்கான ஐந்து ஆண்டுக் காத்திருப்பு இனிமேல்தான் அவருக்குத் தொடங்குகிறது. இப்படி வருபவர் இவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால் இதை எழுதுகிறோம்.

லண்டனில் உறவினர் உள்ளவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே வேலையில்லாதவருக்கு அரசு பணம் தருகிறது. ஆனால் வாரத்துக்கு 35 மணி நேரம் வரை வேலை தேட வேண்டும், தேடியதற்குக் கணக்கும் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அப்படி வாரக் கணக்கு கேட்பதில்லை. 'நான் வேலை தேடுகிறேன்' என்பதற்கு இங்கே சாட்சி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுதான். அந்தப் பதிவு உயிரோடு இருந்தால் நீங்கள் வேலை தேடுபவர். அது விட்டுப்போனால், உண்மையில் தெருத்தெருவாக அலைந்திருந்தாலும், அரசின் கணக்கில் நீங்கள் வேலை தேடவில்லை.

பதிவை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இப்போது இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. தவறவிட்டவர்களுக்கு அரசு சில சமயம் சிறப்புச் சலுகை அறிவித்ததுண்டு. அதை நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல.

உதவித்தொகைக்கு, பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து காத்திருந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ தேறியவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். காலாண்டுக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் ஏறும். "இந்தக் காசில் என்ன வாங்க முடியும்?" என்று ஒரு வாலிபர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் பிளஸ் டூ தேறியவருக்கு மூன்று ஆண்டில் சேர்வது 14,400 ரூபாய். தையல் மிஷின் வாங்க நம்மிடம் கடன் கேட்டு வருகிற குடும்பங்களுக்கு அது சிறிய தொகை அல்ல.

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வயது 40-க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. கல்லூரிக்கு நேரில் சென்று படிப்பவர்களுக்கு இல்லை. அஞ்சல் வழியில் படிப்பவர் விண்ணப்பிக்கலாம். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்கல்விப் பட்டதாரிகளுக்கு இத்திட்டம் பொருந்தாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதி வேறு. பதிவு செய்து ஓராண்டு போதும். வருமான வரம்பு இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டதாரிக்கு 1000 என்று பத்து ஆண்டுகள் வரை தருகிறார்கள். நம் மஹல்லாவில் இதற்குத் தகுதி இருந்தும் பதிவே செய்யாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.

பணம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு கடமை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சுய உறுதிமொழி ஆவணம் தர வேண்டும். தராவிட்டால் தொகை நின்றுவிடும். வேலையிலோ சொந்தத் தொழிலிலோ இல்லை என்று அதில் கையெழுத்திடுகிறோம். இங்கேதான் சிலர் சறுக்குகிறார்கள். மாமா கடையில் மாதச் சம்பளத்துக்கு நின்றுகொண்டே, "ரசீது இல்லாத சம்பளம்தானே ஹஜ்ரத்" என்கிறார்கள். ரசீது இல்லாவிட்டாலும் அது வேலைதான். தெரிந்தே பொய் உறுதிமொழி எழுதித் தர நாங்கள் உதவ மாட்டோம். வேலை கிடைத்துவிட்டால் அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகை வாங்கினால் அரசு வேலைக்குப் பெயர் பரிந்துரைக்க மாட்டார்கள் என்ற பேச்சும் உலவுகிறது. அது தவறு. பதிவும் மூப்பும் அப்படியே இருக்கும்.

பதிவு செய்யும்போது பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்) என்பது சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2007 முதல் உள்ள 3.5 சதவீத இடஒதுக்கீட்டில் நம் பெயர் வர அது வேண்டும். பள்ளிச் சான்றில் 'ஷேக் அப்துல்லா', ஆதாரில் 'அப்துல்லா', பாஸ்புக்கில் 'எஸ். அப்துல்லாஹ்' என்றிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தனியார் நிறுவனங்களின் முகாமும், அரசுத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் நடக்கின்றன. முகாம் பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமை. காலையிலேயே போனால் ஜும்ஆவுக்குத் திரும்பிவிடலாம்.

விண்ணப்பப் படிவம் இலவசம். பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். அட்டை, ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்புக் நகல்களுடன் மஃரிபுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். அட்டையில் புதுப்பிக்கும் மாதம் எது என்று முதலில் அதைப் பார்ப்போம்.