கைக்குழந்தையோட தீம் பார்க் போறீங்களா? பை கட்டும் முன் இந்த இரண்டு எண்கள் தெரியுமா?

பள்ளி லீவு விட்டாச்சு என்றால், கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு நாள் டூர் என்றதும் மூன்று இடங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். நீலகிரி அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், சிறுவாணி சாலையில் கோவை கொண்டாட்டம், கொஞ்சம் தூரம் போனாலும் பரவாயில்லை என்றால் கொச்சி அருகே பள்ளிக்கரையில் உள்ள வொண்டர்லா. 2000-ம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய அதே பூங்காதான்.

பெரிய பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு டவல், ஒரு செட் மாற்றுத்துணி, முடிந்தது வேலை. வீட்டில் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஒரு வாண்டு இருந்தால் கதையே வேறு. இரண்டு பெரிய பை நிறைய சாமான் ஏறும். ஆனாலும் அவசரத்துக்குத் தேடும்போது தேவையான ஒன்று மட்டும் கையில் கிடைக்காது.

காரணம், எல்லோரும் பொருட்களின் லிஸ்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது குழந்தையிடமிருந்து. பை கட்டும் முன் குழந்தையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர், எடை எத்தனை கிலோ என்று அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பையில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்பதில் பாதியை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

உயரம் எதுக்குங்க?

பெரிய பூங்காக்களில் டிக்கெட்டையும் ரைடையும் முடிவு செய்வது பெரும்பாலும் வயது இல்லை, உயரம். நுழைவாயிலிலும் ஒவ்வொரு ரைடின் முன்பும் அளவுகோல் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 2 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 86-87 செ.மீ. 3 வயதில் சுமார் 95-96 செ.மீ. பெரிய ரைடுகளோ பெரும்பாலும் 120, 140 செ.மீ. என்ற அளவில்தான் தொடங்குகின்றன.

அதாவது, உங்கள் வாண்டுக்கு அந்தப் பூங்காவில் கிடைக்கப்போவது குட்டிக் குளமும் நாலைந்து சின்ன ரைடுகளும்தான். மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் ரைடு முடித்து வரும்வரை காத்திருப்பது. அதனால் பையின் பெரும்பகுதி விளையாட்டுக்காக அல்ல, அந்தக் காத்திருப்புக்காக: மடக்கும் தள்ளுவண்டி, விரித்துப் படுக்கவைக்க ஒரு பழைய போர்வை, தொப்பி, வழக்கமாகக் கட்டிப்பிடித்துத் தூங்கும் ஒரு பொம்மை. மதியத் தூக்கம் தப்பினால், மாலையில் மொத்தக் குடும்பத்துக்கும் ரைடு காட்டிவிடும்.

எடை எதுக்கு?

மருந்துக்கு. அதிகம் கவனிக்காமல் விடப்படும் விஷயம் இதுதான்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் அளவு, குழந்தையின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மி.கி. வரை.

சிக்கல் எங்கே என்றால், கடையில் கிடைக்கும் பாட்டில்கள் ஒரே மாதிரி இல்லை. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி. இருக்கும். இன்னொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. வரை இருக்கும். வீட்டில் 125 சிரப்பில் 7 மி.லி. கொடுத்துப் பழகியவர், அவசரத்துக்கு வழியில் வாங்கிய சொட்டு மருந்திலும் அதே 7 மி.லி.யைக் கொடுத்தால் 700 மி.கி. உள்ளே போகும். அந்தக் குழந்தைக்கான அதிகபட்ச அளவைப் போல இது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கல்லீரல் சம்பந்தப்பட்ட விஷயம், விளையாட்டில்லை.

எனவே வீட்டில் பழகிய அதே பாட்டிலையும், அதோடு வந்த அளவு மூடியையோ சிரிஞ்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைகள் நல மருத்துவரிடம் 'இந்த எடைக்கு, இந்த பாட்டிலில் எத்தனை மி.லி., எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை' என்று எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மருந்துப் பையில் எது வேண்டாம்?

'தண்ணியில ஆடுனா சளி பிடிக்கும்' என்று முன்னெச்சரிக்கையாக இருமல் சிரப்பை எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. டாக்டர் எழுதித் தராத இருமல் சிரப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

'வண்டியில தூங்கிட்டு வரட்டும்' என்று சிலர் கொடுக்கும் புரோமெத்தசின் சிரப்பும் வேண்டாம். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மூச்சையே பாதிக்கக்கூடிய மருந்து அது.

ஓஆர்எஸ் என்றால் எது?

வெயில், விளையாட்டு, வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு என எது வந்தாலும், சின்ன உடம்பில் நீர்ச்சத்து சீக்கிரம் குறையும். ஓஆர்எஸ் தூள் பாக்கெட் நான்காவது கையில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியது, ஓஆர்எஸ் மாதிரியே பெயர் வைத்து டெட்ரா பேக்கில் விற்ற சர்க்கரை பானங்கள். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கின்போது சர்க்கரை அதிகமுள்ள பானம் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

பாக்கெட்டில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் 1 லிட்டர்; 200 மி.லி. என்றால் 200 மி.லி. கண்ணளவு வேண்டாம், அளவு போட்ட பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது என்றால் டூரை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

திருப்பூர் காட்டன் இருக்க, நைலான் எதுக்கு?

பனியனுக்கே பேர் போன ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு குழந்தைக்கு நைலான் துணியா என்று தோன்றும். ஆனால் காட்டன் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. வாட்டர் ரைடுகளில் நைலான், பாலியஸ்டர் வகை நீச்சல் உடையைத்தான் பெரும்பாலான பூங்காக்கள் அனுமதிக்கின்றன. அங்கே போய்த் தெரிந்துகொண்டால், உள்ளே கடையில் சொன்ன விலைக்கு வாங்க வேண்டிவரும். முழுக்கை வைத்த நீச்சல் உடை என்றால் வெயிலுக்கும் பாதுகாப்பு.

நிறத்தையும் பாருங்கள். நீலம், வெள்ளை உடைகள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு, ரோஸ் நல்லது. தண்ணீரை விட்டு வந்ததும் காட்டனுக்கு மாற்றிவிடலாம். அதற்கு மூன்று செட் போதும்.

சன்ஸ்க்ரீன், 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து வந்த பிறகும் மறுபடி தடவ வேண்டும். காலை 11 முதல் மாலை 3 வரை நிழலில் இருப்பது அதைவிட நல்லது.

ஸ்விம் டயப்பர் போட்டால் போதுமா?

சாதாரண டயப்பர் குளத்து நீரை உறிஞ்சி ஊதிப்போகும். அதனால் ஸ்விம் டயப்பர் வேண்டும். ஆனால் அது மலம் வெளியே வராமல் ஓரளவு தடுக்குமே தவிர, சிறுநீரையோ கிருமிகளையோ தடுக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை டயப்பரைச் சோதித்து, குளத்தை விட்டுத் தள்ளி வந்து மாற்றுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்குக் குளம் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரில் யார் பார்த்துக்கொள்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள். முழங்கால் அளவுத் தண்ணீர் போதும். சினிமாவில் வருவது போல கையைக் காலை உதறிக் கத்த மாட்டார்கள். சத்தமில்லாமல் நடந்துவிடும்.

காற்றடைத்துக் கையில் மாட்டும் பட்டை விளையாட்டுச் சாமான்தான், பாதுகாப்புக் கருவி அல்ல. அதை நம்பிக் கொஞ்சம் தள்ளி நிற்பதில்தான் ஆபத்தே. பெரியவர் ஒருவர் எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்புச்சி, அமுச்சி, மாமா, சித்தி என்று பத்துப் பேர் போனாலும், நாலு பேர் பார்த்துக்கிட்டால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறையில் இருப்பவரின் போன் பைக்குள் போகட்டும்.

சாப்பாடு?

வெளி உணவை அனுமதிக்காத பூங்காக்களிலும் குழந்தை உணவுக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு. கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். நம்ம ஊர் அரிசிம்பருப்பு சாதம் குழந்தைக்கு நல்ல சாப்பாடுதான். ஆனால் காலை 6 மணிக்குக் கட்டியது வெயிலில் மதியம் வரை தாங்காது. அதைக் காலைச் சாப்பாடாக வழியிலேயே முடித்துவிடலாம். மதியத்துக்கு வாழைப்பழம், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் ராகி அல்லது அவல் பொடி, ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் போதும்.

பாப்கார்ன், முழு நிலக்கடலை, முழு திராட்சை மூன்றும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கக் கூடியவை. ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எதையும் ஊட்டாதீர்கள்.

வழியில்?

காரில் அம்மா மடியில் உட்கார்ந்து போவதுதான் பழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதம் கிடக்கட்டும். திடீரென பிரேக் போட்டால், மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. நிறுத்திய காரில் ஐந்து நிமிடம் என்றாலும் குழந்தையைத் தனியே விடாதீர்கள்.

பிளாக் தண்டர் முடித்து அப்படியே ஊட்டிக்கு ஏறுபவர்கள் நிறைய. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். குளிர் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படும். 'புள்ளைக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டீங்களா கண்ணு?' என்று அமுச்சி கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. ஈரத் தலையைத் துவட்டி, உலர்ந்த உடை மாற்றிய பிறகே மலை ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரலாம் என்பதால் ஒரு செட் துணி பின்டிக்கியில் வேண்டாம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை உண்டு. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் தொலைந்துவிட்டால்?

உள்ளே நுழையும் முன் அன்றைய உடையில் குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். 'என்ன டிரஸ் போட்டிருந்தது?' என்று கேட்டால் பதற்றத்தில் வாய் வராது. சட்டையின் உள்பக்கமும் கையில் கட்டும் பட்டையிலும் உங்கள் செல் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரிடமும் குழந்தை போய்விடும். அவசர எண்கள்: போலீஸ் உதவிக்கு 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098. கேரளத்திலும் இதே எண்கள்தான்.

எது எந்தப் பையில்?

* தோளில் மாட்டும் சின்னப் பை (எப்போதும் உடன்): தண்ணீர், ஓஆர்எஸ், மருந்தும் அளவு சிரிஞ்சும், இரண்டு டயப்பர், துடைக்கும் ஈரத்துணி, ஒரு செட் உடை, தொப்பி, சன்ஸ்க்ரீன்.
* லாக்கர் பை: நீச்சல் உடை, ஸ்விம் டயப்பர் மூன்று, டவல் இரண்டு, ஈரத்துணி போட ஒரு கவர், உணவுப் பொடி, ஃபிளாஸ்க்.
* காரில்: ஸ்வெட்டர், கூடுதல் டயப்பர், இன்னும் இரண்டு செட் துணி, வாந்திக்கு கவர், போர்வை.

இதில் சேராத பொருளைக் கையில் எடுத்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதையும் சுமக்க முடியுமா என்று ஒரு முறை யோசியுங்கள். டயப்பரோ டவலோ மறந்தால் மேட்டுப்பாளையத்திலும் வாங்கலாம், ஆலுவாவிலும் வாங்கலாம். மருந்துச் சீட்டும், குழந்தைக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்கும் ஒரு பெரியவரும் எந்தக் கடையிலும் கிடைக்காது.